வலிய கப்பித்தான் டிலனாய்

(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தக்கலைக்கு அருகில், புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையை நாமெல்லாரும் அறிவோம். அதனுள்ளே சிதைந்த சிற்றாலயம் ஒன்றில், இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்த கல்லறை இருக்கிறது. அங்கே துயில்பவர் டிலனாய். நம் முன்னோர் அவரை 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தனர்.

டச்சுக் கம்பெனியின் போர்வீரராக வந்த கத்தோலிக்கர் அவர். 1741 ஆகஸ்டில் குளச்சலில் அப்படை தோற்றபோது கைதியானார். வென்ற மார்த்தாண்டவர்மா மகாராஜாவோ அவரது திறமையை மதித்து, தம் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். அணிவகுப்பையும் துப்பாக்கிப் பயிற்சியையும் டிலனாய் கற்பித்தார். உதயகிரிக் கோட்டையைக் கல்லால் வலுப்படுத்தி, அங்கே பீரங்கி வார்க்கச் செய்தார். வடக்கே அவர் அமைத்த நெடுங்கோட்டை, அவர் மறைந்து 12 ஆண்டுகளுக்குப் பின், 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தடுத்தது. ஏறத்தாழ 37 ஆண்டுகள் உண்மையோடு உழைத்து, 1777 ஜூன் முதல் நாள் உயிர் நீத்தார்.

ஆனால் நாம் அவரை நினைப்பது பீரங்கிகளுக்காக மட்டுமா? அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை, அடுக்கடுக்காக வந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்தார். அவருக்கு டிலனாய் யோபுவின் வரலாற்றைச் சொல்லித் தேற்றினார். அந்த ஆறுதலே விதையாயிற்று. நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார்.

அதற்குக் கிடைத்த விலை என்ன? 1749-இல் சிறை, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. டிலனாய் சேவித்த அதே அரசின் ஆணை அது! படைக்கலம் அத்தனையும் கைவசம் இருந்தும், நண்பரின் உயிர் தப்பவில்லை. அந்த வேதனையோடு அவர் இன்னும் 25 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். கோட்டைகள் இடிகின்றன, துயருற்றவனிடம் சொன்ன ஒரு நல்ல வார்த்தை நிலைத்து நிற்கிறது.

நம் பிள்ளைகள் பலர் இராணுவத்திலும் அயல்நாட்டிலும் பிறருக்குக் கீழே உழைக்கிறார்கள். உழைப்பில் உண்மை, விசுவாசத்தில் துணிவு, அயலாரின் துயரில் ஆறுதல்: இம்மூன்றையும் அவர்கள் வலிய கப்பித்தானிடம் கற்கட்டும்.