கத்திக்கு எத்தனை வயது?

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டில் வெள்ளிப்பிடி போட்ட பழைய கத்தியொன்று கிடைத்தால், "பண்டாரவன்னியன்ரை" என்று சொல்லத்தான் முதலில் வாய் வரும். வன்னித் தலைவனான பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடம் தோற்றதைக் குறிக்கும் கற்சிலைமடுக் கல்லில் 1803 ஒக்டோபர் 31 என்று இருக்கிறது. அது சண்டை நடந்த திகதி. கத்தி செய்த திகதியல்ல.

கத்தியின் வயதைச் சொல்வது எவ்வளவு சிக்கல் என்பதற்கு, ஜாவாக்காரரான சாவகர்களின் கிரிஸ் கத்தியைப் பாருங்கள். அலகு ஒரு நூற்றாண்டினது, பிடி அடுத்த நூற்றாண்டினது, உறை போன தலைமுறையினது என்று இருக்கலாம். மூன்றையும் பிரித்துத்தான் வயது பார்க்க வேண்டும். நல்ல அலகில் இரும்பும் நிக்கல் கலந்த இரும்பும் மடித்து மடித்து அடிக்கப்பட்டிருக்கும். தேசிக்காய்ச் சாறும் பாஷாணமும் பூசினால் இரும்பு கறுக்கும். நிக்கல் ஓடிய வரிகள் மினுங்கும். அப்படிக் கழுவும் ஒவ்வொரு முறையும் அலகு கொஞ்சம் தேயும். ஆகவே அலகு மெலிந்திருந்தால் அது பழையதாகவும் இருக்கலாம், பக்தியான வீட்டில் வருடாவருடம் கழுவப்பட்டதாகவும் இருக்கலாம். ஆண்டு பொறித்தவை அபூர்வம். ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையில் உள்ள ஒன்றில் சக ஆண்டு 1264, அதாவது கி.பி. 1342, இருக்கிறது.

நம் நாட்டிலே கண்டி அரண்மனைக்குச் சொந்தப் பட்டறைகள் இருந்தன. நம்மவரான ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட பெரிய நூலில் அவற்றை விபரித்திருக்கிறார். அங்கே செய்த கத்திகளின் அலகில் வெள்ளியும் பித்தளையும் பதித்த கொடிவேலை இருக்கும். சிலவற்றின் உறைக்குள்ளேயே எழுத்தாணியும் செருகியிருக்கும். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆண்ட காலத்தில், 1765 இல், ஒல்லாந்தர் கண்டியைக் கொள்ளையிட்டார்கள். அப்போது போன கத்தியொன்று ஒரு பீரங்கி, பொன்வாள், வெள்ளிவாள், இரண்டு துப்பாக்கிகளோடு 2023 இல் கொழும்புக்குத் திரும்பியது. கத்தியைப் பார்த்ததோடு ஆய்வாளர்கள் நிற்கவில்லை. அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று பழைய ஆவணங்களையும் கிளறினார்கள்.

வன்னியில் காணி உறுதியே மிஞ்சாத வீடுகள் எத்தனை! கத்திக்கு எங்கே கடதாசி? அதனால் இரண்டு காரியம். தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். கறளோடு வெள்ளி வேலையும் போய்விடும். கத்தி யாரிடமிருந்து வந்தது என்று அம்மம்மாவைக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே கொப்பியில் எழுதுங்கள். கேட்ட திகதியையும் போட்டுவிடுங்கள்.