சீட்டுக்கு அடியில ஒரு பை



குழுக் கடன் வாங்கி ஸ்கூட்டி எடுத்தவங்க நம்மில் பல பேர் இருக்கோம். தவணை நோட்டைப் பத்திரமா வைக்கிற மாதிரி, சீட்டுக்கு அடியில் ஒரு முதலுதவிப் பையும் வைக்கணும். துவைச்சு காயவைத்த பருத்தித் துணி, கட்டுத்துணிச் சுருள், பிளாஸ்டர், கத்தரிக்கோல், கையுறை, வீட்டு போன் நம்பர் எழுதின சீட்டு. இவ்வளவுதான்.

யாராவது விழுந்து கிடந்தா, முதலில் வண்டியை ஆஃப் பண்ணிட்டு 108-க்கு போன் போடுங்க. ரத்தம் வந்தா துணியை வைத்து அழுத்திப் பிடிங்க. நனைஞ்சா அதை எடுக்காம மேலேயே இன்னொன்று வைங்க. காப்பித்தூள், மண் எதுவும் போடக் கூடாது.

நம்ம ஊரில் உடனே சோடா வாங்கிக் கொடுப்பாங்க. மயக்கத்தில் அது மூச்சுக்குழாயில் போயிடும். தூக்கி உட்காரவும் வைக்காதீங்க. முதுகெலும்பில் அடிபட்டிருந்தா கை கால் விளங்காமப் போயிடலாம். மூச்சு நல்லா வந்தா ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம்.

போலீஸ் கேஸ்னு பயந்து ஒதுங்காதீங்க. உதவி செய்தவங்களைக் காக்க 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தையே திருத்தியிருக்காங்க. பேர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. நம்ம அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

ரோட்டில் கிடப்பது நாளைக்கு நம்ம பிள்ளையா இருக்கலாம். அடுத்த கூட்டத்திலேயே ஒவ்வொரு குழுவும் இந்தப் பைக்குத் தீர்மானம் போடுவோம்.