கற்பிட்டி தந்த நீதிபதி

புத்தளம் கரையோரத்தின் நீதித்துறை வரலாற்றை ஆராய்வோர் மறக்கவொண்ணாத பெயர் சைமன் காசிச் செட்டி என்பது. 1807 ஆம் ஆண்டு கற்பிட்டியிற் பிறந்த இப்பெரியார், புத்தளத்தில் மணியகாரராகக் கடமையாற்றி, 1838 இல் சட்டநிரூபண சபையில் இடம்பெற்றார். பின்னர் சிவில் சேவையிற் சேர்ந்து, சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக அமர்ந்தார்.

அக்காலத்தில் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். வழக்காட வந்தோர் மொழியோ தமிழும் சிங்களமும். ஒரே கரையில் வாழ்ந்தும், சொத்துரிமையில் சமூகத்துக்கொரு வழக்கம் நிலவியது. முஸ்லிம்களின் திருமண, மரபுரிமை வழக்கங்கள் 1806 இல் சட்டத்தொகுதியாயின. ஏனையோர் வழக்கங்கள் பலவும் பெரியோர் வாய்மொழியாகவே வழங்கின. அவற்றை அறியாதார் கூறும் தீர்ப்பு, ஒருவர்க்குரிய தென்னந்தோட்டத்தைப் பிறர் கையிற் சேர்த்துவிடும் அன்றோ?

காசிச் செட்டியவர்களோ இலங்கையின் ஊர்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, 1834 இல் 'இலங்கைக் கெசட்டியர்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டவர். பரவர், முஸ்லிம்கள் ஆகியோரைப் பற்றியும் ஆராய்ந்து எழுதியவர். மக்களை அறிந்த பின்னரே அவர் நீதியாசனம் ஏறினார். 1860 இல் அவர் மறைந்தார்.

சட்டத்துறையிற் புகும் இளைஞர், சட்டநூலோடு ஊர்வழக்கையும் கற்றல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்துவது.