சொந்தப் பாட்டு எங்கே பிறக்கிறது?

வில்லியனூர், பாகூர் கிராமங்களில் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களே, உங்களை மனதில் வைத்துத்தான் பேச வந்திருக்கிறேன். தாமே எழுதித் தாமே பாடும் ஒரு தலைமுறை இன்று தமிழில் எழுந்து வந்திருக்கிறது. அவர்கள் எந்தப் பள்ளியில் பாட்டுக் கற்றார்கள் என்பதே இன்றைய பேச்சு.

அரக்கோணத்துப் பிள்ளை அறிவு. பொறியியல் படித்தவர். 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டை அறியாதவர் உங்களில் குறைவு. சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி தீயோடு சேர்ந்து பாடியவர், வரிகளை எழுதியவர் இவர்தான். அந்த வரிகளுக்கு ஊற்று அவருடைய பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, கையளவு நிலமும் இல்லாமல் திரும்பி வந்தவர். இந்தியாவும் இலங்கையும் 1964இல் கையெழுத்திட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், தோட்டங்களில் உழைத்த 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்ததே, அந்தப் பெருந்துயரம் நம் மேடைப் பாட்டில் எத்தனை முறை வந்திருக்கிறது? ராப், அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் வளர்த்த பாட்டு. அதற்குள் ஒப்பாரியைக் கொண்டுவந்து உட்காரவைத்தார் அறிவு. 2024இல் வந்த தன் இசைத்தொகுப்புக்கு அவர் வைத்த பெயரே ‘வள்ளியம்மா பேராண்டி’.

அறிவு வளர்ந்த மேடை ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய இந்தக் குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. கிட்டாரும் பறையும் கானாவும் அங்கே ஒன்றாக ஒலித்தன. வடசென்னை இசைவாணி அதில் கானா பாடினார். சாவு வீட்டில் ஆண்களே பாடிவந்த பாட்டை ஒரு பெண் எடுத்துப் பாடியது பெரிய காரியம். 2020இல் பிபிசி தேர்ந்தெடுத்த 100 பெண்களில் அவரும் ஒருவர்.

இவர்களுக்கு முன்னோடி ஒருவர் நம் புதுவையிலேயே இருந்தார். சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த கே.ஏ. குணசேகரன், புதுவைப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பேராசிரியராக இருந்தவர். நாட்டுப்புறப் பாட்டை ஆய்வு செய்ததோடு நிற்காமல், ஊர் ஊராகப் பாடியும் காட்டினார். 2016இல் மறைந்தார். புதுவைப் பிள்ளைகள் இன்னும் நிறையத் தெரிந்துகொள்ள வேண்டிய கலைஞர் அவர்.

இன்னும் பின்னே போனால் பாரதி. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தவர், தம் பாட்டுக்குத் தாமே ராகம் குறித்தவர். புதுவைக்கு மேற்கேயுள்ள மாஞ்சோலையில் நடக்கும் ‘குயில் பாட்டி’ல், ஏற்றம் இறைப்பவர் பாட்டுக்கும் நெல் குத்தும் பெண்களின் ஒலிக்கும் நெஞ்சைப் பறிகொடுத்ததாகக் குயிலைச் சொல்லவைக்கிறார். நெல் விளையும் ஊர்களின் பாட்டல்லவா அது!

இன்று ஏற்றம் இல்லை. நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. பாட்டு மட்டும் நம் ஆயாக்களின் நாவில் இன்னும் இருக்கிறது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் உங்கள் செல்பேசியில் பதிந்து வையுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதுங்கள். பிறகு உங்கள் பாட்டை எழுதத் தொடங்குங்கள்.