பழைய எலும்பும் நம் நிலமும்
(உழவர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



எலும்பு என்றதும் உங்களுக்கு எலும்புத்தூள் உரம் நினைவுக்கு வரும். 100 கிலோ பச்சை எலும்புத்தூளில் 20 முதல் 25 கிலோ வரை மணிச்சத்தும், 3 முதல் 4 கிலோ வரை தழைச்சத்தும் உண்டு. இன்று நான் சொல்ல வந்தது வேறு வகை எலும்பு. கிணறு வெட்டும்போதும் மேட்டைச் சமன் செய்யும்போதும் பானை ஓட்டோடு சேர்ந்து வெளிவரும் பழைய எலும்பு அது. தூக்கி எறியப்படும் அந்தத் துண்டுகளிலிருந்து, நம் முன்னோர் என்ன கால்நடை வளர்த்தார்கள், அவற்றை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கணக்கெடுக்கும் அறிவியல் ஒன்று வளர்ந்திருக்கிறது.

பல் பார்க்கும் வித்தை

இந்த அறிவியலின் முதல் பாடம் உங்களுக்கு ஏற்கனவே தெரியும். சந்தையில் மாடு பிடிக்கும்போது வாயைத் திறந்து இரண்டு பல், நான்கு பல், கடை சேர்ந்தது என்று வயதைச் சொல்கிறீர்கள் அல்லவா? ஆய்வாளர்களும் அதையேதான் செய்கிறார்கள். தாடை எலும்பில் எந்தப் பல் முளைத்திருக்கிறது, கடைவாய்ப்பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, மாடு இறந்தபோது அதன் வயது என்ன என்று கணிக்கிறார்கள்.

ஓர் ஊரில் கிடைத்த எலும்புகளில் இளங்காளைகளே மிகுதி என்றால், அங்கே இறைச்சிக்காக மாடு வளர்த்தார்கள் என்று கொள்ளலாம். வயது முதிர்ந்தவை மிகுதி என்றால், ஏருக்கும் வண்டிக்கும் பாலுக்கும் வைத்திருந்தார்கள் என்று பொருள். பல ஆண்டுகள் நுகத்தடி தாங்கிய மாட்டின் கால் எலும்பு அகன்று, ஓரங்களில் புதிதாக எலும்பு வளர்ந்து காணப்படும். கத்தி பட்ட தழும்பு, தீயில் கருகிய தடம், நாய் கடித்த தடம் ஆகியவற்றையும் தனித்தனியே பிரித்தறிகிறார்கள்.

கீழடியும் உட்னூரும்

சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த எலும்புகளில் 70 மாதிரிகள் புனேயிலுள்ள தக்காணக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டன. மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றோடு வெளிமான், மயில் எலும்புகளும் அவற்றில் இருந்தன. மாடு, எருமை, ஆடுகளின் எலும்புகளே பாதிக்கு மேல். மானினம், காட்டுப்பன்றி ஆகியவற்றின் சில எலும்புகளில் வெட்டுத் தழும்பு இருந்தது. கால்நடைகள் முதன்மையாக வேளாண்மைக்காகவே வளர்க்கப்பட்டன என்பது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையின் முடிவு.

இன்றைய தெலங்கானாவிலுள்ள உட்னூரில் பெரிய சாம்பல் மேடு ஒன்று உண்டு. 1957-இல் ரேமண்ட் ஆல்ச்சின் அதை அகழ்ந்து, அது சாணம் எரிந்த சாம்பல் என்று காட்டினார். அதன் அடுக்குகளில் மாட்டுக் குளம்பின் தடங்களே பதிந்திருந்தன. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மாட்டுப்பட்டி அது. பட்டி அடைப்பதும் கிடை போடுவதும் எவ்வளவு பழைய வழக்கம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

நம் ஆற்றுப் படுகையில்

பூண்டி வழியாக வரும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில்தான் கடலில் கலக்கிறது. இதே ஆற்றுப் படுகையில் உள்ள அதிரம்பாக்கத்தை 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் கண்டறிந்தார். பின்னர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்து, கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-இல் அறிவித்தார்கள். கல்லாய் இறுகிய விலங்குப் பற்கள் சிலவும் அங்கே கிடைத்தன. குதிரை இனத்தின் பல்லும் மாடு அல்லது எருமை இனத்தின் பல்லும் அவற்றில் அடங்கும்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை இன்று துறைமுகமும் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் குடியிருப்புகளும் நெருங்கிவிட்டன. அந்தத் தரைக்குக் கீழே என்ன இருந்தாலும் இனி அகழ்ந்து பார்ப்பது கடினம். ஆற்றின் மேற்புறத்தில் உழவுக்கு உட்பட்ட நிலங்களே மிஞ்சியிருக்கின்றன. அவை உங்கள் கையில் இருக்கின்றன.

எந்த மண்ணில் எலும்பு நிற்கும்?

புளிப்பு மண்ணில் எலும்பு கரையும். சுண்ணாம்பு மிகுந்த களர் சார்ந்த மண்ணில் நிற்கும். எலும்புத்தூள் உரத்துக்கும் இதே விதிதான். புளிப்பு மண்ணில் அது கரைந்து பயிருக்கு மணிச்சத்தைத் தரும்; சுண்ணாம்பு மண்ணில் இட்டால் கரையாமல் கிடந்து, போட்ட பணம் வீணாகும். எந்த மண் பயிருக்கு எலும்பைக் கொடுக்கிறதோ, அந்த மண் வரலாற்றுக்கு எலும்பைக் கொடுப்பதில்லை.

எலும்பு கரைந்த பிறகும் மணிச்சத்து மண்ணிலேயே தங்கும். ஸ்வீடன் நாட்டு வேளாண் அறிஞர் ஓலோப் அர்ரேனியஸ், சர்க்கரைக் கிழங்கு வயல்களின் மண்ணை ஆய்ந்தபோது, மணிச்சத்து மிகுந்த இடங்கள் பழங்குடியிருப்புகளாக இருப்பதைக் கண்டார். இது 1930-ஐ ஒட்டிய காலத்தில் நடந்தது. உங்கள் வயலிலும் எரு கொட்டாத ஒரு பகுதியில் மட்டும் மண் ஆய்வு முடிவில் மணிச்சத்து மிகுந்து வந்தால், அங்கே பழைய ஊரோ பட்டியோ இருந்ததா என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பழைய ஊர் மேட்டு மண்ணை வண்டி வண்டியாக அள்ளி வயலில் அடிப்பதைத் தவிருங்கள். அந்தச் சத்தைத் தொழு உரத்தாலும் கொழிஞ்சி, சணப்பு போன்ற பசுந்தாள் உரத்தாலும் பெறலாம். கலைந்த மேட்டை மீண்டும் அடுக்க முடியாது.

2. பானை ஓட்டோடு எலும்பு கண்டால் அந்த இடத்தில் தோண்டுவதை நிறுத்துங்கள். பிடுங்கவும் கழுவவும் வேண்டாம். எத்தனை அடி ஆழம், என்ன மண் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆழம் தெரியாத எலும்பு, தேதி இல்லாத கணக்குச் சீட்டு போன்றது.

3. கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். மண்ணில் மறைந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

முன்னோர் எந்த மாட்டை எந்த மண்ணில் கட்டி உழுதார்கள் என்பதற்கு ஏட்டில் உள்ளதைவிட மண்ணில் உள்ள சான்று அதிகம். மண்வெட்டி பிடித்த கைதான் அதை முதலில் தொடுகிறது. அந்தக் கை சற்று நிதானித்தால் போதும்.