வேனில் வருகின்ற வீடு



வேனில் என்னும் சொல்லை எங்கள் வகுப்பறைகளிலே நாம் பெரும்பாலும் பரீட்சைக்காகவே பயன்படுத்தி வருகின்றோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுது ஆறையும் மாணவர் ஒரே மூச்சில் ஒப்புவிப்பர். சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். அதற்குரிய புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் அந்த வேனில் தங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வருவதை அவர்கள் காண்கிறார்களா என்பது வேறு கேள்வி. இன்றைய உரையிலே அதுபற்றியே சிறிது பேசலாமென எண்ணுகின்றேன். இலக்கியத் தொடரிலே வீட்டுக் கதை எதற்கென்று எவரும் முகஞ்சுளிக்க வேண்டாம். சங்கப் புலவரும் வீட்டுக் கதையைப் பாடியவர்களே என்பதைச் சற்று நேரத்திற் சொல்லுகின்றேன்.

யாழ்ப்பாணத்திலே வேனிலின் வரவைப் பங்குனி மாதத்திலேயே முதலிற் சொல்லுவது கிணறுதான். குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடுகின்ற ஆறு எதுவும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கின்ற மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேலே ஒரு நன்னீர்ப் படையாக நிற்கின்றது. அதைத்தான் ஆண்டு முழுவதும் இறைத்துக் குடிக்கின்றோம், குளிக்கின்றோம், வெங்காயமும் மிளகாயும் செய்கின்றோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். துலாவும் பட்டையும் இருந்த நாளிலே இழுக்கிற கைக்கே நீர் வற்றுவது தெரிந்தது. இப்போது ஆளியைத் தட்டினால் மோட்டார் இழுத்துத் தாங்கியிலே கொட்டுகிறது. எவருக்கும் எதுவும் தெரிவதில்லை. எங்கள் வீட்டிலே என் தாயார் மாத்திரம் இன்னும் காலையிற் கிணற்றுக்கட்டிலே குனிந்து நின்று கல்வரி எண்ணுவார்.

"ஆறாவது வரி தெரியுது. இனி மரங்களுக்கு விடுற தண்ணியைக் குறைச்சுக்கொள்ளு தம்பி."

நாற்பத்தைந்து வயதிலும் நான் அவருக்குத் தம்பிதான். அன்றிலிருந்து வீட்டின் சட்டங்கள் மாறும். உடுப்புத் தோய்த்த தண்ணீர் வாழைக்குப் போகும். பின்னேரக் குளிப்பு நிற்பாட்டப்படும். ஒன்பதாந் தரத்திலே படிக்கின்ற மகன் விளையாடிவிட்டு வந்து வாளி வாளியாக ஊற்றுவதற்குத் தடை விழும். அவன் முணுமுணுப்பான். அப்பம்மாவின் சட்டத்துக்கு மேன்முறையீடு இல்லை.

தொல்காப்பியர் பாலைத் திணைக்கு வேனிலையும் நண்பகலையும் உரிமையாக்குவார்; பின்பனியும் அதற்கு உரியதென்பார். மாசியும் பங்குனியும் பின்பனி. ஆகவே பங்குனி வெயிலிலே நிற்கின்ற நாம் இலக்கணப்படியும் பாலைக்குள்ளேதான் நிற்கின்றோம். பாலை என்றவுடன் கள்ளியும் கானலும், பொருள்வயிற் பிரிந்த தலைவனுமே எங்கள் மாணவரின் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அத்திணையிலே வீட்டுக் காட்சிகளும் உள்ளன. நற்றிணையின் 110ஆம் பாட்டு போதனார் பாடியது. மகளைப் பிரிந்த தாயின் கூற்றாக அமைந்தது. தேன் கலந்த பாலைப் பொற்கலத்திலே ஏந்தி, ஒரு சிறு கோலையும் காட்டிக்கொண்டு, நரைகூடிய செவிலியர் சிறுமியைக் குடிக்கச் சொல்லி மன்றாடுகின்றனர். அவளோ சிலம்பொலிக்கப் பந்தரைச் சுற்றி ஓடி அவர்களை இளைக்க வைக்கின்றாள். அத்தகையவள் இன்று கணவன் வீட்டிலே வறுமையுற்ற போதும், தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல், ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கிறாளே, இந்த அறிவை எங்கே கற்றாள் என்று தாய் வியக்கின்றாள். பதின்மூன்று அடியிலே இவ்வளவும் அடங்கிவிடுகிறது.

இதைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். பால் குடிக்க மறுத்து ஓடுகிற பிள்ளை இல்லாத வீடு எது? எங்கள் வீட்டிலே பொற்கலத்துக்குப் பதிலாக எவர்சில்வர் பேணி. தேன் கலந்த பாலுக்குப் பதிலாகச் சத்துமாக் கஞ்சி. செவிலி என் தாயார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. போதனாரின் சிறுமி விளையாட்டுக்காக ஓடினாள். என் மகள் வானுக்காக ஓடுகின்றாள். அவள் ஐந்தாந் தரம். புலமைப்பரிசிற் பரீட்சைக்குரிய ஆண்டு. காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்கூடம். ஒன்றரைக்கு விட்டால் இரண்டரைக்குத் தனியார் வகுப்பு. அங்கே தகரக் கூரை. பங்குனி வெயில் தகரத்திலே விழுந்து பிள்ளைகளின் உச்சந்தலையிலே இறங்கும். மாலை ஐந்தரைக்கு வந்து கொப்பிகளை வைக்கும்போது பிள்ளையின் முகம் அவித்த கிழங்குபோல் இருக்கும். தரத்தைச் சொன்னவுடன் கேட்கும் தாய்மார் பலருக்கு மிகுதி தானாக விளங்கியிருக்கும்.

இந்த முறை அந்த வகுப்பிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. சித்திரை விடுமுறையிலே காலை எட்டு மணி தொடங்கி மாலை நான்கு மணி வரை விசேட வகுப்பு. புதுவருடத்துக்கு இரண்டு நாள் மாத்திரம் விடுதலை. அதே நாளிலேதான் கரவெட்டியிலிருந்து அம்மம்மாவின் தொலைபேசி அழைப்பும் வந்தது.

"அப்பா, அம்மம்மா வீட்டை வேப்பம்பூ கொட்டுதாம். வடகம் போடப் போறாவாம். காகம் கலைக்க ஆளில்லையாம்" என்றாள் மகள். கேள்வியாகக் கேட்கவில்லை. செய்தியாகச் சொல்லிவிட்டுக் கொப்பியைத் திறந்துகொண்டாள்.

வேப்பம்பூ வடகம் பற்றி, அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. மரத்தின் கீழே பழைய சேலையையோ படங்கையோ விரித்து, உதிர்ந்த பூவைக் கூட்டி அள்ளி, காம்பும் சருகும் நீக்கி, உழுந்தும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் சேர்த்துக் குழைத்துத் தட்டி வெயிலிலே காயவைப்பார்கள். சில நாள் நல்ல வெயில் வேண்டும். காவலுக்கு ஒரு பிள்ளையும் வேண்டும். பூக் கொட்டுவதும் வெயில் எறிப்பதும் பிள்ளைகளுக்கு விடுமுறை விடுவதும் ஒரே காலத்திலே வருகின்றன. இந்த ஒழுங்கை யாரும் கூட்டம் வைத்துத் தீர்மானிக்கவில்லை.

அன்றிரவு மனைவி சொன்னதையும் உள்ளபடி சொல்லவேண்டும்.

"இஞ்சாருங்கோ, மற்றப் பிள்ளையள் எல்லாம் போகேக்கை எங்கடை பிள்ளையை மட்டும் மறிச்சு வைச்சிருக்கிறதோ? நாளைக்கு வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைஞ்சால் ஆர் பதில் சொல்லுறது?"

இது வீணான பயமன்று. அந்தப் பரீட்சை வசதி குறைந்த பிள்ளைக்கு உதவுதொகையைக் கொடுக்கிறது. பலரும் விரும்புகின்ற பாடசாலைகளின் கதவையும் திறக்கின்றது. அவள் ஒரு அலுவலகத்திலே எழுதுநராக வேலை பார்ப்பவள். புள்ளியின் பெறுமதி என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பரீட்சையைப் பழித்து மேடையிலே பேசிக் கைதட்டல் வாங்கிவிட்டுத் தம் பிள்ளையை மூன்று வகுப்புக்கு அனுப்புகின்ற என் தொழில் நண்பர்கள் சிலரைவிட அவளுடைய வாதம் நேர்மையானது.

எங்கள் காலத்திலே இப்படியில்லை என்று சொல்லி அவளை மடக்கவும் எனக்கு மனமில்லை. எங்கள் காலம் எது? 1990இலே நான் ஐந்தாந் தரம் படித்தபோது மீண்டும் யுத்தம் மூண்டது. மின்சாரமும் போயிற்று. ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கிலே படித்தோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட சனத்தோடு சனமாக நாங்களும் நடந்தோம். 1996 சித்திரைப் புத்தாண்டு தென்மராட்சியிலே ஓர் உறவினர் வளவிலே பிறந்தது. ஐந்து குடும்பத்துக்கு ஒரு கிணறு. அந்த மாதத்தின் பிற்பகுதியிலேதான் ஊர் திரும்பத் தொடங்கினோம். அங்கேயும் நாங்கள் போர்த்தேங்காய் அடித்தோம், சிரித்தோம் என்பது உண்மையே. அதற்காக அதை நல்ல காலமென்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, பனையோலை விசிறியைப் பிள்ளைகளின் கையிலே கொடுத்துவிட்டு, "இதென்ன, நாங்கள் பார்க்காததோ" என்று பெருமை பேசியவர்களையும் கண்டேன். விசிறி நல்ல பொருள், மின்வெட்டு நல்லதன்று.

இனி வகுப்பறைக்கு வருகின்றேன். ஒவ்வொரு சித்திரை விடுமுறைக்குப் பின்னும் மத்திய வகுப்பு மாணவருக்கு ஒரு கட்டுரை கொடுப்பது என் வழக்கம். வருகின்ற கட்டுரைகளிலே பாதிக்கு மேல் ஒரே அச்சு. கோடை வெப்பம் தாங்காது மக்கள் குளிர்ப் பிரதேசங்களை நாடுவர். மலைவாசத் தலங்கள் மக்கள் வெள்ளத்தால் நிறையும். நாமும் குடும்பத்தோடு சென்று இயற்கையன்னையின் மடியிலே தவழ்ந்தோம். எழுதிய பிள்ளை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போயிருக்கமாட்டான். கட்டுரைத் தொகுப்புப் புத்தகம் அவனுக்காகப் போய்வந்துவிட்டது.

ஒருமுறை தீவுப்பகுதியிலிருந்து வந்து உறவினர் வீட்டிலே தங்கிப் படித்த ஒரு மாணவன் வேறு மாதிரி எழுதினான். விடுமுறைக்குத் தன் வீட்டுக்குப் போனான். அங்கே கிணற்றுநீர் உவர். குடிநீர் பவுசரிலே வரும். முதல்நாட் பொழுதுபடவே தாய் மூன்று கலன்களை ஒழுங்கையிலே வரிசையில் வைத்துவிடுவாள். அவற்றின் கைபிடியிலே சிவப்புச் சீலைத்துண்டு கட்டியிருக்கும். பவுசர் வருகின்ற நேரம் தெரியாது. ஆகையால் அவனும் தங்கையும் மாறிமாறி வேலியோரத்து நிழலிலே காவலிருந்தார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். இவ்வளவுதான் கட்டுரை. ஒரு பக்கம்கூட இல்லை. ரகர றகரம் நான்கு இடத்திலே தடுமாறியிருந்தது. வகுப்பிலே அதற்கே கூடிய புள்ளி இட்டேன். எழுத்துப்பிழைக்கு ஏன் புள்ளி குறைக்கவில்லை என்று உடன் ஆசிரியர் ஒருவர் கேட்டார். குறைத்த பின்னும் அதுதான் முன்னுக்கு நின்றது என்றேன். நிழலோடு நகர்ந்த இரண்டு பிள்ளைகளை எந்தத் தொகுப்புப் புத்தகத்திலிருந்து அவன் எடுத்திருக்க முடியும்?

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878-1953) ஆடிப்பிறப்பைப் பற்றிச் சிறுவருக்குப் பாடியபோது செய்ததும் இதுவே. ஆடி, முதுவேனில். எங்கள் வீட்டிலே அன்று காய்ச்சுகின்ற கூழையும் அவிக்கின்ற கொழுக்கட்டையையும், விடுமுறை கிடைத்த பிள்ளையின் துள்ளலையும் அவர் பாட்டாக்கினார். இன்றும் எழுத்தறியாத பிள்ளையும் அதைப் பாடுகின்றது. குளிர்ப் பிரதேசம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

நிழல் என்றவுடன் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கடந்த ஆண்டு சித்திரை விடுமுறையிலே என் மகன், "வெயில் இப்பதானே கூட, பிறகேன் ஆனி ஆடியை முதுவேனில் எண்டு சொல்லுறாங்கள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஏப்ரல் முதல் வாரத்திலே ஞாயிறு இலங்கையின் தென்கரைக்கு நேர்மேலே உச்சங் கொடுக்கத் தொடங்கி, நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, ஏப்ரல் நடுப்பகுதியிலே யாழ்ப்பாணத்துக்கு மேலே வருகின்றது. வருடப்பிறப்பும் எங்கள் உச்சியும் ஏறத்தாழ ஒரே நாட்கள். வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று பெரியவர்கள் மருத்துநீர் வைக்கும் நேரத்துக்கு வாதாடிக்கொண்டிருக்க, நானும் பிள்ளைகளும் முற்றத்திலே ஒரு தடியை நேராக நட்டோம். பன்னிரண்டு மணி கடந்து பத்து நிமிடமளவிலே தடியின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிட்டது. மகள் தன் நிழலைத் தேடித் தன்னையே சுற்றிச் சுற்றி ஓடினாள். போதனாரின் பந்தர் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

மகனுக்குச் சொன்ன விடை இதுதான். உச்சி வெயில் இளவேனிலிலே வந்துவிடுகிறது. ஆனால் நிலம் அந்த வெப்பத்தை வாங்கி வைத்திருக்கும். மழையில்லாத நாட்கள் ஒன்றன்மேலொன்றாகச் சேரும். சோளகம் வீசி இருக்கிற ஈரத்தையும் துடைக்கும். ஆனி ஆடியிலே அப்பம்மா எண்ணுகிற கல்வரியைக் கேள். முதுமை வெயிலுக்கன்று, வறட்சிக்கு. இலக்கண உரைகளிலே இவ்விளக்கத்தை நான் காணவில்லை; எங்கள் கிணற்றுக்கட்டிலே கண்டேன்.

விடுமுறை விவகாரத்தைச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் கோபிப்பீர்கள். மூன்று இரவு பேச்சு நடந்தது. என் தாயார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கஞ்சிப் பேணியை மாத்திரம் ஓசைப்பட வைத்தார். கடைசியிலே, புதுவருடத்துக்கு முந்திய நாள் தொடங்கி ஆறு நாள் கரவெட்டி, அதன்பின் வகுப்பு என்று முடிவாயிற்று. விடப்போகும் வகுப்புகளின் வினாத்தாள்களை வாங்கிப் பையிலே வைக்கவேண்டும் என்பது மனைவியின் நிபந்தனை. பத்துத் தாள் வைத்தாள். மகள் எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். மனைவி சிறிது நேரம் பையையும் பிள்ளையையும் பார்த்தாள். பிறகு நான்கு தாளை எடுத்து மேசையிலே வைத்தாள்.

"அம்மா அந்த வேம்புக்குக் கீழை தனியக் கூட்டி அள்ள மாட்டா. நானும் லீவு போட்டிட்டு இரண்டு நாள் வந்து நிக்கிறன்" என்றாள்.