அப்பாவின் மெத்தை

(ஆய்க்குடியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெமரி ஃபோம் மெத்தையைப் பற்றிப் பேசப் போறேன்னதும் நம்ம செயலாளர், "கடை கிடை தொறந்திருக்கியால?" என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை.

என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது வீட்டிலிருந்த இலவம்பஞ்சு மெத்தையில்தான் படுக்க வைத்தோம். மெத்துன்னுதானே இருக்கு என்று இருந்துவிட்டோம். மூன்றாவது வாரம், இடுப்புக்குக் கீழே வால் எலும்புப் பக்கம் கறுத்துத் தடித்த ஒரு தடம். நாலே நாளில் புண். வலிக்குதுன்னு சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாங்களும் புரட்டிப் பார்க்கவில்லை.

நாம் தூக்கத்தில் நம்மை அறியாமலே புரண்டு படுக்கிறோம். புரள முடியாதவருக்கு எலும்பு துருத்திய இடத்திலேயே பாரம் அழுத்தி, ரத்த ஓட்டம் தடைபட்டு, சதை செத்துப்போகிறது. இந்த ஊருக்கு இது புதிதல்ல. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் அவர்கள் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியது இங்கேதான். தண்டுவடம் அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்வதில் படுக்கைப்புண் வராமல் காப்பது பெரிய வேலை. கூப்பிடு தூரத்தில் இருந்தும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

மெமரி ஃபோம், அமெரிக்காவில் நாசாவுக்காக 1966இல் சார்லஸ் யோஸ்ட் விமான இருக்கைக்கென்று உருவாக்கியது. உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு இறங்கிக்கொடுத்து, பாரத்தைப் பரப்பிவிடும். அதை வாங்கிப் போட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. அதுவும் அரை நிம்மதிதான். கட்டுப்போட வந்த நர்ஸம்மா, மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். "எலும்பு கையில தட்டுச்சுன்னா மெத்தை உக்காந்துபோச்சுன்னு அர்த்தம். தட்டலைன்னாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டணும்" என்றார். ராத்திரியும் அலாரம் வைத்துப் புரட்டினோம். நம்ம கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அதையும் அவர்தான் சொல்லித்தந்தார். புண் ஆற ஐந்து மாதம் ஆயிற்று.

கோடையில் இந்த மெத்தை சூடு பிடிக்கும். மேலே பருத்தி விரிப்பு போதும். இலவம்பஞ்சு மாதிரி மொட்டைமாடி வெயிலில் காயப் போட்டால் கெட்டுவிடும். பத்தமடைப் பாயில் நன்றாகத் தூங்குகிறவர்கள் இதற்காகக் காசைக் கரியாக்க வேண்டாம்.

அப்பா போய்விட்டார். மெத்தை குழி விழாமல் வீட்டில் சும்மா கிடக்கிறது. யார் வீட்டிலாவது தேவைப்பட்டால், சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.